காணிக்கைப் பெட்டியும் வாக்குப் பெட்டியும்



கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் சாவகாசமாகப் படியுங்கள். பாதியில் விட்டுவிட்டு "சூப்பர் டீச்சர்" என்று கமெண்ட் போடுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். வகுப்பிலும் நீங்கள் அப்படித்தான்.

போன வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு சண்டை. ஹூஸ்டனில் இருக்கும் ஒருவன் ஒரு பழைய அமெரிக்கச் செய்தியைப் போட்டான். அங்கே 1954 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. வரிவிலக்குப் பெறும் தேவாலயமோ தர்ம ஸ்தாபனமோ தேர்தலில் எந்த வேட்பாளரையும் ஆதரிக்கவும் கூடாது, எதிர்க்கவும் கூடாது. ஆனால் 2025 ஜூலையில் அந்நாட்டு வருமானவரித் துறையே டெக்சாஸ் நீதிமன்றம் ஒன்றில் வேறு மாதிரி எழுதிக் கொடுத்தது. ஆராதனையில் போதகர் தம் சபையாரிடம் தேர்தலைப் பற்றிப் பேசுவது ஒரு குடும்பத்துக்குள் பேசிக்கொள்வது போன்றது, அதைச் சட்டமீறலாகக் கொள்ள வேண்டியதில்லை என்ற பொருளில்.

அதற்குக் கீழே அவன் எழுதியது: "நம்ம ஊர்ல சர்ச் அரசியல் பேசினா வரிவிலக்கைப் பிடுங்கணும்." உடனே துறைமுகத்தில் வேலை பார்க்கும் இன்னொருவன், "அப்போ மடத்துக்கும் பள்ளிவாசலுக்கும் என்னலே சட்டம்?" என்றான். மூன்றாவதாக என் சொந்தத் தம்பி மகன் வந்தான். "கோயில் கணக்கைக் கேட்க இவங்க யாரு?" அரை மணி நேரத்தில் எழுபது செய்திகள். கடைசியில் எல்லோரும் சேர்ந்து, "டீச்சர், நீங்க சொல்லுங்க" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

சரி, சொல்கிறேன். என் பதில் மூன்று வரிதான். ஊர்ப் பிரச்சினையைக் கோயில் பேசலாம், பேச வேண்டும். யாருக்கும் ஓட்டுக் கேட்கக் கூடாது. கணக்கை ஜனங்களுக்குக் காட்ட வேண்டும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதுதான் மீதிப் பதிவு.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம். எல்லாவற்றையும் போட்டு 'வரிவிலக்கு' என்று ஒரே பெயரில் பேசுகிறோம். அதில் தனித்தனியான மூன்று விஷயங்கள் இருக்கின்றன.

ஒன்று, வருமானவரி விலக்கு. 1961-ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டப்படி, மதத்துக்காகவோ தர்மத்துக்காகவோ நடக்கும் அறக்கட்டளை பதிவு செய்துகொண்டு, வரும் வருமானத்தில் 85 சதவீதத்தையாவது அந்தக் காரியத்துக்கே செலவழித்தால் வரி கிடையாது. (2025-இல் புதிய வருமானவரிச் சட்டம் இயற்றியிருக்கிறார்கள். பிரிவு எண்கள் மாறினாலும் அடிப்படை இதுதான்.) கோயில், மடம், பள்ளிவாசல், குருத்வாரா, மாதா கோயில் எல்லாவற்றுக்கும் இது பொது.

இரண்டு, நன்கொடை கொடுப்பவருக்குக் கிடைக்கும் 80ஜி சலுகை. இது தர்ம காரியங்களுக்கானது. 80ஜி வாங்கிய அறக்கட்டளை, வருமானத்தில் 5 சதவீதத்துக்கு மேல் மத காரியத்துக்குச் செலவழிக்கக் கூடாது.

மூன்று, வெளிநாட்டுப் பணம் வாங்கும் அனுமதி. இது வரிச் சட்டமே அல்ல. உள்துறை அமைச்சகத்தின் கையில் இருக்கும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம். 1976-இல் முதலில் வந்தது, 2010-இல் புதிதாக எழுதப்பட்டது, 2020-இல் இன்னும் இறுக்கப்பட்டது. இப்போது எந்த ஊர் நிறுவனமானாலும் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் கணக்குத் திறந்துதான் அந்தப் பணத்தை வாங்க முடியும். நிர்வாகச் செலவும் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள். சாமியார்களுக்கும் கன்னியர்களுக்கும் வரியே கிடையாது என்று பலர் நினைக்கிறீர்கள். உதவிபெறும் பள்ளியில் அரசுச் சம்பளம் வாங்கும் குருக்களுக்கும் சிஸ்டர்களுக்கும் 1944-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை ஒன்றைக் காட்டி வெகுகாலம் வரி பிடிக்காமல் இருந்தது உண்மை. 2024 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் அதை முடித்து வைத்தது. வறுமை வார்த்தைப்பாடு கொடுத்தவரானாலும், சம்பளம் முழுவதும் சபைக்கே போனாலும், சம்பளம் சம்பளம்தான். எனக்கு அதில் வருத்தமில்லை. என் சம்பளத்திலும்தான் பிடித்தார்கள். விலக்கு ஆளுக்கு அல்ல, காரியத்துக்கு. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நம் கடற்கரைக்கு வரிவிலக்கு என்பது வருமானவரித் துறை வந்த பிறகு தெரிந்த சங்கதி அல்ல. முத்துக்குளித்துறையாக இருந்த காலத்தில் குளியாள் ஒரு கல்லைக் கட்டிக்கொண்டுதான் கடலுக்குள் இறங்குவான். அந்தக் 'கல்' தான் கணக்கு. இத்தனை கல்லுக்கு இவ்வளவு வரி. அதில் சில கற்களுக்கு மட்டும் வரி கிடையாது. மதுரை நாயக்கருக்கு, ராமநாதபுரம் சேதுபதிக்கு, நம் சாதித் தலைவனாருக்கு, சில கோயில்களுக்கு என்று வரியில்லாக் கற்கள் இருந்தன. மானியம் என்றால் இதுதான். விளக்கெரியவும் அன்னதானம் நடக்கவும் ராஜா விட்டுக்கொடுத்த பங்கு. விட்டுக்கொடுத்தவன் கையிலேயே திரும்ப எடுக்கிற அதிகாரமும் இருந்தது. போர்ச்சுக்கீசியரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் மாறி மாறி வந்தபோது இந்தக் கற்களுக்காக எத்தனை பேச்சுவார்த்தை!

இன்னும் உள்ளே போனால், நம் ஊர்க் கிறிஸ்தவமே அரசியலோடு பிறந்ததுதான். 1530-களில் பரதவர் பட்டங்கட்டிமார் கொச்சிக்குப் போய் ஞானஸ்நானம் வாங்கியது முத்துக்குளிக்கும் உரிமைக்குப் பாதுகாப்புத் தேடித்தான். பிரான்சிஸ் சவேரியார் 1542-இல் வந்து வேதம் சொல்லிக் கொடுத்தார். 1658-இல் தூத்துக்குடியைப் பிடித்த ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களை விரட்டினார்கள். ஆனாலும் ஜனங்கள் மாதாவை விடவில்லை. அரசனின் தயவுக்காக வாங்கிய மதம், அரசன் எதிர்த்தபோதும் நிலைத்தது. அதனால் "கோயில் அரசியலே பேசக் கூடாது" என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். கடற்கரையில் கோயில் என்பது ஊரின் தொட்டிலும் கோர்ட்டும். படகு கவிழ்ந்தால் மணி அடிப்பதும் அங்கேதான், கலெக்டருக்கு மனு எழுதுவதும் அங்கேதான்.

இனி 2011-க்கு வருவோம். நம்மில் பலர் கண்ணால் பார்த்தது இது.

இடிந்தகரை லூர்து மாதா கோயில் முற்றத்தில் பந்தல் போட்டுக் கூடங்குளம் அணு உலைக்கு எதிராக மீனவ ஜனங்கள் உட்கார்ந்தார்கள். இடிந்தகரை இருப்பது திருநெல்வேலி மாவட்டம், ஆனால் கோயில் தூத்துக்குடி மறைமாவட்டம். அப்போது ஆயர் இவோன் அம்புரோஸ். 2012 பிப்ரவரியில் பிரதமர் மன்மோகன் சிங் 'சயின்ஸ்' இதழுக்குக் கொடுத்த பேட்டியில், அமெரிக்காவையும் ஸ்காண்டிநேவிய நாடுகளையும் சேர்ந்த தொண்டு நிறுவனங்கள்தான் இதன் பின்னால் இருப்பதாகச் சொன்னார். அதையொட்டி நடவடிக்கைகள் வந்தன. தூத்துக்குடி மறைமாவட்டச் சங்கத்துக்கும் தூத்துக்குடி பல்நோக்கு சமூக சேவைச் சங்கத்துக்கும் வெளிநாட்டுப் பணம் வரும் வழி முடக்கப்பட்டது. போராட்டத்துக்கு அந்தப் பணம் போனது என்பது குற்றச்சாட்டு. ஆயர் அதை மறுத்தார். எங்கள் வருமானத்தில் ஒரு பங்கைப் போட்டுத்தான் பந்தல் நடக்கிறது என்று மீனவர்கள் சொன்னார்கள்.

அதே ஆண்டு செப்டம்பர் 10-ஆம் தேதி போலீஸ் தடியடி, கண்ணீர்ப்புகை. மணப்பாட்டில் ஒரு மீனவர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். 2013 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் உலைக்கு அனுமதி கொடுத்தது. ஆனால் அதே தீர்ப்பில், போராடிய ஜனங்கள் மேல் போட்ட வழக்குகளைத் திரும்பப் பெற முயற்சி எடுக்கச் சொன்னது.

பிள்ளைகளே, இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். அணு உலை வேண்டுமா வேண்டாமா என்பது வேறு வாதம். உங்களில் சிலர் அந்த உலையிலேயே வேலை பார்க்கிறீர்கள், எனக்குத் தெரியும். என் கேள்வி அது அல்ல. தன் வீட்டு வாசலில் வரப்போகிற ஒன்றைப் பற்றி ஜனங்கள் தங்கள் கோயில் முற்றத்தில் உட்கார்ந்து பேசினால் அது 'அரசியலா'?

சட்டம் இதற்கு என்ன சொல்கிறது தெரியுமா? 1988-இல் பஞ்சாப் பொற்கோயில் சம்பவங்களின் பின்னணியில் மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. மத நிறுவனங்கள் தவறாகப் பயன்படுத்தப்படுவதைத் தடுக்கும் சட்டம். கோயில் வளாகத்தையோ கோயில் பணத்தையோ அரசியல் காரியத்துக்குப் பயன்படுத்தினால் ஐந்து வருடம் வரை சிறை. ஆயுதம் பதுக்குவதைத் தடுக்கும் வரை சரி. ஆனால் அதில் 'அரசியல் காரியம்' என்பதற்கு எழுதியிருக்கும் விளக்கத்தில் கட்சி வேலை மட்டுமல்ல, அரசியல் தன்மையுள்ள எந்தப் பிரச்சினைக்காகவும் கூட்டம், ஊர்வலம் நடத்துவதும் வந்துவிடுகிறது. அவ்வளவு அகலமான வலை. அந்த வலையில் யாரை வேண்டுமானாலும் பிடிக்கலாம், யாரை வேண்டுமானாலும் விடலாம். எனக்குப் பயம் அந்த 'வேண்டுமானாலும்' என்ற வார்த்தையில்தான்.

இந்த அகலத்தை உச்ச நீதிமன்றம் ஓரிடத்தில் சுருக்கியது. வெளிநாட்டு நன்கொடை விதிகளில், பந்த், ஹர்த்தால், மறியல் செய்கிற அமைப்புகளை 'அரசியல் தன்மை கொண்டவை' என்று சொல்லிப் பணத்தை நிறுத்த ஒரு விதி இருந்தது. 2020 மார்ச்சில் வந்த இன்சாஃப் வழக்குத் தீர்ப்பு, கட்சி அரசியலோடு தொடர்பில்லாமல் பொதுக் காரியத்துக்காகப் போராடுகிற அமைப்பை அப்படி முத்திரை குத்த முடியாது என்றது. நம் ஊருக்கு இது எட்டு வருடம் தாமதமாக வந்த நியாயம்.

தாமதமாக வந்தாலும் பேச்சு நிற்கவில்லை. ஸ்டெர்லைட் போராட்டத்தில் 2018 மே மாதம் 13 பேரைத் துப்பாக்கிச் சூட்டில் பறிகொடுத்தோம். மே 22 அன்று நான் வீட்டுக்குள்தான் இருந்தேன். என்னிடம் ஆனா ஆவன்னா படித்த பிள்ளைகள் தெருவில் இருந்தார்கள். சர்ச் தூண்டிவிட்டது, வெளிநாட்டுப் பணம் வந்தது என்று அப்போதும் சொன்னார்கள். 2023 ஏப்ரலில் ஆளுநர் ஆர்.என்.ரவியும் வெளிநாட்டு நிதியால் மக்கள் தூண்டப்பட்டதாகப் பேசினார். ஆனால் அருணா ஜெகதீசன் ஆணையம் காவல்துறை மேல்தான் குற்றம் கண்டது. 2024 பிப்ரவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் வேதாந்தாவின் மனுவைத் தள்ளுபடி செய்தது. தெருவில் நின்றவர்கள் காசு வாங்கிக்கொண்டு நின்றவர்கள் என்று சொல்லப்படும்போது ஒரு டீச்சருக்கு எப்படி இருக்கும்? மூச்சு முட்டுகிறது என்று அழுத பிள்ளைக்கு யார் காசு கொடுக்க வேண்டும்?

இதுவரை படித்துவிட்டு "டீச்சர் நம்ம பக்கம்" என்று என் தம்பி மகன் சந்தோஷப்பட்டிருப்பான். இனிமேல்தான் உனக்குப் பாடம் இருக்கிறது, தம்பி.

சில வருடங்களுக்கு முன் ஒரு தேர்தல் நேரம். எந்தப் பங்கு, எந்தச் சாமியார் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். ஞாயிறு பூசையில் பிரசங்கத்தின் கடைசியில், "யாருக்குப் போடணும்னு உங்களுக்கே தெரியும். நம்மைக் காப்பாத்துறவங்க யாருன்னு யோசிங்க" என்று சொல்லி, ஒரு கட்சியின் சின்னத்தைச் சொல்லாமல் சொன்னார். சில பேர் சிரித்தார்கள். எனக்குப் பக்கத்து வரிசையில் ஒரு பெரியவர். அறுபது வருடமாக வேறொரு கட்சிக்காரர். எழுந்து வெளியே போய்விட்டார். பூசை முடிந்து வாசலில் பார்த்தேன். கண் கலங்கியிருந்தது. "டீச்சர், காணிக்கைப் பெட்டியில நான் போட்டது மாதாவுக்கா, அந்தக் கட்சிக்கா?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்லவில்லை. அன்றைக்கு நான் பங்குப் பேரவையில் இருந்தவள். அடுத்த கூட்டத்தில் எழுந்து கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. சாமியாரை எதிர்த்துப் பேசினால் ஊரில் என்ன சொல்வார்கள் என்ற பயம்தான். வகுப்பில் "தப்பைத் தப்புன்னு சொல்லணும்" என்று முப்பது வருடத்துக்கு மேல் சொல்லிக் கொடுத்தவள் அன்று வாயை மூடிக்கொண்டேன். அந்தப் பெரியவர் இப்போது இல்லை. இந்தப் பதிவு அவருக்கு நான் சொல்லாமல் விட்ட பதில் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கூடங்குளம் வேண்டாம் என்று கோயில் சொன்னபோது அந்தக் கூட்டத்தில் எல்லாக் கட்சிக்காரரும் இருந்தார்கள். 'இன்னாருக்குப் போடு' என்றபோது கூட்டத்தில் ஒருவர் வெளியே போனார். வித்தியாசம் இதுதான். சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-ஆம் பிரிவுப்படி மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்பது ஊழல் நடவடிக்கை. வேட்பாளரின் மதம் மட்டுமல்ல, வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்டாலும் அப்படித்தான் என்று 2017 ஜனவரி 2 அன்று உச்ச நீதிமன்றத்தில் ஏழு நீதிபதிகள் அமர்வு, நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்புச் சொன்னது. கோயில் மணிக்கும் பாங்குக்கும் சங்குக்கும் ஒரே சட்டம். துறைமுகத்து மாணவனே, உன் கேள்விக்குப் பதில் கிடைத்ததா?

அமெரிக்காவிலும் கோடு இதே இடத்தில்தான் போடப்பட்டிருந்தது. 1992-இல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு சபை, தேர்தலுக்கு நான்கு நாள் முன்பு இரண்டு நாளிதழ்களில் கிளிண்டனுக்கு எதிராக முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது. அந்த விளம்பரச் செலவுக்கே வரிவிலக்கோடு நன்கொடை அனுப்புங்கள் என்றும் போட்டது. வரித்துறை அதன் விலக்கை ரத்து செய்தது, 2000-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஏன் இது நியாயம் என்றால், வரிவிலக்கு என்பது எல்லோரும் சேர்ந்து கொடுக்கும் சலுகை. கிளிண்டனுக்கு ஓட்டுப் போட்டவனும் அதில் பங்குக்காரன். அவன் பங்கை எடுத்து அவனுக்கே எதிராகச் செலவழிக்கக் கூடாது. ஆகவே ஹூஸ்டன்காரனே, அங்கே இப்போது அந்தக் கோட்டை அழிக்கப் பார்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை. கோடு அழிந்தால் கட்சிக்கு நன்கொடை கொடுக்க நினைப்பவன் கோயில் வழியாகக் கொடுப்பான், வரியும் மிச்சம்.

ஆனால் நீ சொன்ன "பிடுங்கணும்" என்பதையும் நான் ஏற்கவில்லை. யார் பிடுங்குவது? ஆட்சியில் இருப்பவர். அவருக்குப் பிடித்த மடாதிபதி மேடையேறி ஆசீர்வதித்தால் அது ஆன்மிகம், பிடிக்காத ஆயர் மனு எழுதினால் அது அரசியல். 2021 கிறிஸ்துமஸ் அன்று அன்னை தெரசா சபையின் வெளிநாட்டு நிதி அனுமதி புதுப்பிக்கப்படாமல் நின்றது, அடுத்த மாதமே திரும்பக் கொடுக்கப்பட்டது. இரண்டு வாரத்தில் என்ன மாறியது? கதவைத் திறந்து மூடுகிற கை ஒன்றுதான். இன்னொரு வேடிக்கை கேளுங்கள். அரசியல் கட்சிகளுக்கும் வருமானவரி விலக்கு உண்டு. 1961-ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தில் அது 13ஏ பிரிவு. கணக்கைத் தணிக்கை செய்ய வேண்டும், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக நன்கொடை வாங்கக் கூடாது என்று நிபந்தனைகள். கொடுத்தவர் பெயர் தெரியாத தேர்தல் பத்திரங்களை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் ரத்து செய்யும்வரை கோடி கோடியாக வாங்கிய கட்சிகள்தான் கோயில் உண்டியலைப் பற்றிப் பாடம் எடுக்கின்றன.

அதற்காக நாம் கணக்கை மூடி வைக்கலாமா? என் தம்பி மகனே, "கணக்கைக் கேட்க இவங்க யாரு" என்று கேட்டாயே. நீயும் நானும்தான் அந்த 'இவங்க'. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு ஒரு நாள் மட்டும் தைரியம் வந்து, வருட வரவு செலவைப் பார்க்கலாமா என்று கேட்டேன். "அதெல்லாம் ஆடிட்டர்கிட்ட பத்திரமா இருக்கு டீச்சர்" என்று பதில் வந்தது. ஆடிட்டரிடம் இருக்கும் கணக்கு வரித்துறைக்குப் போதும். ஊருக்குப் போதாது.

ஆச்சரியம் என்னவென்றால், இதை எப்படிச் செய்வது என்று நம் ஜனங்களுக்கு ஏற்கனவே தெரியும். திருவிழா முடிந்ததும் ஊர்க் கமிட்டி ஒரு நோட்டீஸ் அடிப்பதில்லையா? மேளத்துக்கு இவ்வளவு, சீரியல் செட்டுக்கு இவ்வளவு, அசன அரிசிக்கு இவ்வளவு, இன்னார் வரி பாக்கி இவ்வளவு. ஒரு ரூபாய் இடித்தால் ஊரே சண்டைக்கு வரும். கொடியேற்றத்துக்கு இருக்கும் அந்த ஒழுங்கு கோயிலின் முழு வருடக் கணக்குக்கும் வரட்டும். காணிக்கை எவ்வளவு, கடை வாடகை எவ்வளவு, வெளியிலிருந்து வந்தது எவ்வளவு, எதற்குப் போனது. வருடத்துக்கு ஒரு தாள், கோயில் வாசலில். ஊர்ப் பிரச்சினைக்காகப் போராட்டம் என்றால் அதற்குத் தனி நோட்டு, தனி ரசீது, ஊர்ப் பணம் மட்டும். அந்தத் தாள் வாசலில் ஒட்டியிருந்தால், 'வெளிநாட்டுப் பணம்' என்று டெல்லியிலிருந்து யார் சொன்னாலும் ஒரு கிழவி கூட விரலைக் காட்டி, "வந்து வாசிச்சுப் பாரும்" என்று சொல்லிவிடுவாள்.

கணக்கைக் காட்டுகிறவனுக்குத்தான் கேள்வி கேட்கும் தைரியம் வரும். கணக்கை மறைக்கிற கோயில் நாளைக்கு அரசாங்கம் முறைத்தால் வாயை மூடிக்கொள்ளும், தேர்தல் நேரத்தில் வருகிறவருக்கு நாற்காலி போடும். அப்போது மீனவனுக்காகப் பேச யார் இருப்பார்கள்?

நான் இந்த வருடம் எங்கள் அன்பியக் கூட்டத்தில் இதைக் கேட்கப் போகிறேன். வயது ஆகிவிட்டது, இனி ஊர் என்ன சொன்னால் என்ன! உங்கள் ஊர்க் கோயிலானாலும், அம்மன் கோயிலானாலும், ஜமாஅத்தானாலும், அடுத்த முறை போகும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "வரவு செலவு எங்கே ஒட்டியிருக்கு?"

என்ன பதில் கிடைத்தது என்று கமெண்டில் எழுதுங்கள். எழுத்துப்பிழை இல்லாமல்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
தூத்துக்குடி